ஜெயசீலன் அண்ணன் கிடாரும் நான் பட்ட நாற்பது நாளும்

கிடார் பழுது பார்க்கிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது என்பார்கள். பதினெட்டு வருடமாக நான் நடுங்கிக்கொண்டேதான் பார்க்கிறேன்.

சித்தூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடியில் என் கடை. சர்ச் பாடகர் குழுக்களின் கீபோர்டு, பஜனைக் கோஷ்டிகளின் மைக், கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களின் ஆம்ப்ளிஃபயர், கிடார் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபிறகு, சால்டரிங் அயர்னை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். பார்த்துவிட்டுப் போய், பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று மறுபடியும் வருவதும் உண்டு.

மிக்ஸி, தையல் மெஷின், செல்போன் என்று அடுத்தவர் பொருளை வாங்கிப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டியபின் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடப்பதைப் பார்த்து வியர்த்துப்போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் "சரி பண்ணியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி நம் வயிற்றில் என்ன செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

சாம்பல் புதன்

ஜெயசீலன் அண்ணன் அரசுப் பள்ளியில் விளையாட்டு மாஸ்டர். சர்ச்சில் முப்பது வருடமாக லீட் கிடார் வாசிக்கிறவர். சாம்பல் புதன் ஆராதனை முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே பழைய ஜப்பான் கிடார். சிவப்பாக இருந்த உடம்பு புளி நிறத்துக்கு வந்திருந்தது. செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. இரண்டு சுவிட்ச் உடைந்திருந்தது. வால்யூமும் டோனும் திருகும் இரண்டு இடத்திலும் யாரோ புண்ணியவான் ஃபேன் ரெகுலேட்டரின் திருகுமூடியை மாட்டி வைத்திருந்தான். சுருதியை நடுங்க வைக்க அழுத்துகிற கைப்பிடிக் கம்பியைக் காணோம். இரண்டு பிக்கப்பில் முன்னால் இருந்தது செத்துக் கிடந்தது. பின்னால் இருந்தது ஏதோ முனகியது. பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. கிடாரின் தந்தி அதிர்வதை அதுதான் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும்.

"எல்லாம் மாத்திடலாம் அண்ணா, புது பிக்கப் பெங்களூர்ல கிடைக்கும்" என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காதைத் தொட்டுக் காட்டினார். இரண்டு காதிலும் உள்ளே இருக்கிற குட்டி எலும்பு இறுகிப்போய்விட்டதாம். ஈஸ்டர் முடிந்த மறுநாள் வேலூரில் ஆபரேஷன். பெரும்பாலும் நன்றாகிவிடும், ஒருசிலருக்கு இருக்கிறதும் போய்விடும் என்று சொல்லி டாக்டர் கையெழுத்து வாங்கியிருக்கிறார். காது மந்தமானவர்கள் கத்திப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். மைதானம் முழுக்க விசில் ஊதும் இந்த மனுஷன் ரகசியம் சொல்கிற குரலில் பேசினார். உள்ளே போவதற்கு முன்னால் அந்தக் கிடாரின் சத்தத்தை ஒரு தடவை, அது இருந்த மாதிரியே கேட்க வேண்டுமாம். தவக்காலம் நாற்பது நாள் இருக்கிறது என்று நான் விரல் விட்டுக் காட்டினேன். நான் தைரியமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"புது சாமான் வேணாம் தம்பி. அது கூடவே பொறந்ததா இருக்கணும். இல்லாங்காட்டி நான் கேட்டுட்டுப் போறது வேற யாரோ பேசறதாயிடும்."

கொண்டி

கைப்பிடிக் கம்பியும் இரண்டு திருகுமூடியும் எங்கே போயின என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. போன வருடம் அண்ணன் வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய சாவி, ஆணி, ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை அப்படியே அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். பூசணிக்காய், கோழி, கேக் எல்லாம் சர்ச் வாசலில் ஏலம் போகும். ஜெயித்தவர் பெரும்பாலும் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "மறுபடியும் சர்ச்சுக்கே" என்று மேஜைமேல் வைத்துவிடுவார். அது இன்னொரு தடவை ஏலம் போகும். ஒரு பூசணிக்காய் நாலு கை மாறும். இந்த டப்பா மூன்று கை மாறியிருந்தது. முதல் ஆளும் இரண்டாம் ஆளும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் பலமனேரில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் சாமுவேல்.

மொகிலி மலைப்பாதையில் பைக்கை உருட்டாத குறையாக ஏறிப் போனேன். திருகுமூடிகள் டப்பாவிலேயே பத்திரமாக இருந்தன. கைப்பிடிக் கம்பி மாட்டுக்கொட்டாய்க் கதவில் கொண்டியாக இருந்தது. வளைவு அப்படியே அந்தத் துவாரத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தியிருந்தது, அதைவிட நல்ல கொண்டியை நான் எங்கே போய்த் தேடுவேன்? சாமுவேல் விலைக்குத் தர முடியாது என்றார். ஆண்டவர் மேஜையில் எடுத்ததை விற்கக் கூடாதாம். காது ஆபரேஷன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார். பிறகு, வேறு கொண்டி கொண்டுவந்து மாட்டிவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பஜாரில் இருப்பதிலேயே கனமான இரும்புக் கொண்டியாக வாங்கி நானே மாட்டிவிட்டு, கம்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். நாலாம் நாள் போன் வந்தது.

"சார், உங்க கொண்டிய எங்க மாடு ரெண்டே நாள்ல கத்துக்கிச்சி, தானா தொறந்துக்கினு சோளக்கொல்லைக்குப் போவுது. ஆண்டவரு கொண்டி ஒரு வருசமா அதுக்குப் புரியவேயில்ல."

அநாதை ஆர்கன்

சுவிட்சுக்குத் திருப்பதி. அங்கே ஒரு பழைய சாமான் கடையில், அதே நாட்டில் அதே காலத்தில் செய்த ஒரு மின் ஆர்கன் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். குழாய் விளக்குச் சட்டங்களுக்கும் உடைந்த கிரைண்டர்களுக்கும் நடுவில் கிடந்தது. பாதிக் கட்டைகள் இல்லை. ஆனால் வரிசையாக வெள்ளை சுவிட்சுகள், என் கிடாரில் இருந்த அதே சுவிட்சுகள்! இந்தமாதிரி சமயத்தில் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டக் கூடாது என்று தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் காட்டிவிட்டேன்.

இரண்டே இரண்டு சுவிட்ச் போதும் என்று கெஞ்சினேன். கடைக்காரர் கேட்கவில்லை. கடைசியில் அந்த ஆர்கனை பஸ்ஸின் பின் சீட்டில் படுக்கவைத்து, மொட்டையடித்துக்கொண்டு திரும்பிய ஒரு குடும்பத்தின் முறைப்புக்கு நடுவில், சித்தூர் வந்து சேர்ந்தேன். அது இன்றும் என் கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எனக்கு உட்கார இடமில்லை. கடைக்காரர் அன்று சொன்னது இதுதான்.

"ரெண்டு சுவிட்ச நீங்க எடுத்துக்கினு போய்ட்டா, அப்புறம் இத எவன் சார் சீந்துவான்? எடுத்தா மொத்தமா எடுங்க, இல்ல தொடாதீங்க."

மூச்சு

சுவிட்ச் வந்தாயிற்று, கம்பி வந்தாயிற்று, மூடி வந்தாயிற்று. பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போகும்போதுதான் எனக்கு பயம் அதிகமாகும். பின் பிக்கப்பைச் சுத்தம் செய்தால் அந்த முனகல் போய்விடும் என்று தோன்றியது. மூடியைக் கழற்றினேன். தூசியை பிரஷ்ஷால் எடுத்தேன். ஒரு மூலையில் மட்டும் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக, மிக லேசாக, நெம்பினேன். ஒரு இழை பட்டென்று மேலே எழும்பி ஆடியது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. அறுந்தது உள்முனை. ஒட்ட வேண்டுமென்றால் மொத்தச் சுற்றையும் அவிழ்க்க வேண்டும். கூடவே பிறந்ததில் உயிரோடு இருந்த ஒன்றையும் நானே கொன்றுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. பேசினால் கேட்காது என்பதால் தினமும் எழுத்தில்தான் விசாரிப்பார், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பற்றிக் கேட்பதுபோல: "எப்படி இருக்கு?" நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன். அனுப்பிய என் கட்டைவிரலை வெட்டிப் போடலாம்போல் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன், அதற்குப் பிறகு தினமும் அதே படத்தைத்தான் அனுப்பினேன்.

பக்கத்துக் கடை நாகராஜ் வாட்ச் மெக்கானிக். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அந்த இழையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லென்ஸ் இன்னும் கண்ணிலேயே இருந்தது.

"வாட்ச்சுல கூட இவ்ளோ மெலுசு கெடையாது குமரேசா. இதத் தொடறவன் மூச்சு வுடக் கூடாது. நீ இப்ப வுடற மூச்சுக்கு என் மேஜைமேல இருக்கிற முள்ளெல்லாம் பறக்குது."

வார்னிஷ்

இவ்வளவு மெல்லிய கம்பி சுற்றுகிறவர்கள் நம் பக்கம் இல்லை. போர்வெல் மோட்டார் சுற்றுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களில் கை சுத்தமானவர் திருப்பதியில் ரமணய்யா என்று நாகராஜ்தான் சொன்னார். எனக்கு ஒரு புத்தி வந்தது. செத்துக் கிடந்த முன் பிக்கப்பை முதலில் கொடுத்துப் பார்ப்போம், நன்றாக வந்தால் பின் பிக்கப்பைக் கொடுக்கலாம் என்று. என் வாழ்க்கையில் இவ்வளவு ஜாக்கிரதையாக நான் எதையும் யோசித்ததில்லை. கம்பிக்கு, பழைய கரண்ட் மீட்டருக்குள் இருக்கும் காயிலை அவிழ்த்துக்கொள்ளலாம் என்றார் ரமணய்யா. காந்தத்தைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். எத்தனை சுற்று, எந்தத் திசை, எவ்வளவு இறுக்கம் என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போனபோது அவர் முகத்தில் நல்ல வேலை செய்த திருப்தி இருந்தது. சுற்று அருமை, அப்படி ஒரு சீர். ஆனால் கம்பியைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் சட்டம் வெயிலில் வைத்த அப்பளம்போல் வளைந்து நெளிந்து கிடந்தது. மோட்டாரைச் சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கி, அடுப்புப் பெட்டியில் வைத்துச் சுட்டு எடுப்பது அவர்கள் வழக்கம். அப்போதுதான் தண்ணீருக்குள் எரியாமல் ஓடும். இதையும் முக்கி, இரண்டு மோட்டார்களுக்கு நடுவில் வைத்து, நிதானமாகச் சுட்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த தாளில் சுடாதே என்று ஒரு வரி இல்லை. யாருக்குத் தோன்றும்? நான் அங்கேயே ஒரு மோட்டார்மேல் உட்கார்ந்துவிட்டேன். ரமணய்யாவுக்கு உண்மையிலேயே வருத்தம். தண்ணீர் கொடுத்தார், விசிறினார்.

"எங்கிட்ட வர்றது எல்லாமே பாவில எறங்கறதுதான் சார், கெணத்துல. உங்க கிடாரு தண்ணிக்குள்ள போவாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லவேயில்லையே?"

துண்டு

ஊருக்குத் திரும்பி மறுநாள் கிடாரை மேஜையில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிக்கப் இருந்த இடங்களில் இரண்டு ஓட்டைகள். ஒயர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நிழல் தட்டியது. ஜெயசீலன் அண்ணன்! சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து கிடார்மேல் போர்த்தினேன். துண்டு சின்னது, தலை மூடினால் கால் தெரிந்தது. இழுத்து இழுத்து மூடினேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கர்த்தரே என்று அவர் சொல்கிற இடத்தில் நான் முருகா என்றேன், அவ்வளவுதான் வந்தது. அவர் ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. துண்டுக்கு மேலேயே கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். துண்டை எடுத்துப் பார்ப்பார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"தொறந்து கெடக்கும்போது நான் பாக்க மாட்டேன் தம்பி. என்னையும் இன்னும் பத்து நாள்ல இப்பிடித்தான் தொறந்து போடப் போறாங்க. நீ மூடிட்டுக் கூப்புடு."

கரும்பு

பின் பிக்கப்போடு மறுபடியும் திருப்பதிக்குப் போனேன். இந்தத் தடவை கொடுத்துவிட்டு வரவில்லை. ரமணய்யா பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அடுப்புப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கையால் சுற்றும் சின்ன மெஷின். சுற்று எண்ணிக்கை காட்டும் டப்பா ஒன்று பக்கத்தில் டிக்டிக்கென்று ஓடியது. ஆயிரம் தாண்டியது. இரண்டாயிரம் தாண்டியது. கம்பி அறுந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். அவிழ்த்து வைத்திருந்த கம்பியோ அந்த ஒரு தடவைக்குத்தான் காணும்.

அப்போது வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, எரிந்துபோன மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கரும்பு காய்கிறது, இன்றைக்கே சுற்றிக் கொடு என்று தெலுங்கில் சத்தம் போட்டார். ரமணய்யா தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் கம்பி போய்விடும். விவசாயி என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த நகப்பூச்சு டப்பா அளவு சாமானுக்கா என் மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் கிடாரைப் பற்றி எந்த வாயால் பேசுவது? தயங்கித் தயங்கி ஜெயசீலன் அண்ணன் கதையைச் சொன்னேன். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். ஆறு நாள் என்றேன். அவர் தன் மோட்டார்மேலேயே உட்கார்ந்து பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை. புகை பட்டுக் கம்பி கெட்டுவிடுமோ என்று எனக்கு முன்னால் அவரே பயந்துவிட்டார்.

"மா நாயனக்கும் இப்பிடித்தான், எங்கப்பாவுக்குக் கடசில ரெண்டு காதும் போச்சி. சுத்து ரமணய்யா, நிதானமா சுத்து. கரும்பு ஒரு நாளு தாங்கும்."

ஈஸ்டர் மத்தியானம்

பின் பிக்கப்புக்கு உயிர் வந்துவிட்டது. முன் பிக்கப்பின் இடத்தில் அதன் பழைய வெள்ளி மூடியை மட்டும் பதித்தேன், உள்ளே ஒன்றுமில்லை. பார்த்தால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்றது. பெரிய வெள்ளி அன்று நானும் சோறு சாப்பிடவில்லை. விரதம் அவர்களுக்கு, எனக்குச் சும்மா இறங்கவில்லை.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையில் வந்தார் ஜெயசீலன் அண்ணன். மறுநாள் காலை வேலூர் பஸ். கிடாரை மடியில் வாங்கி, திருகுமூடியைத் தொட்டுப் பார்த்தார், கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார், சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்தார். ஆம்ப்பைப் போட்டேன். வாசித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, தெளிவான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற அந்தக் காலத்துச் சத்தம். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சத்தத்தை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். இன்னும் என்றார். மேஜைமேல் இருந்த ஸ்க்ரூக்கள் ஆடின. நாகராஜ் தன் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அண்ணன் கையை நிறுத்திவிட்டு, "துணி போட்டு மூடின மாதிரி கேக்குது தம்பி, இது அது இல்லியே" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பின் காயிலை அறுத்தது நான்தான், முன் காயில் அடுப்பில் உருகிவிட்டது, மூடிக்கு உள்ளே காலி, இப்போது சுற்றியிருப்பது யார் வீட்டிலோ கரண்ட் அளந்த கம்பி, இத்தனை நாளும் பொய்யாகக் கட்டைவிரல் காட்டினேன். சொல்லி முடித்து நிமிர்ந்தேன். அண்ணன் சிரித்த முகத்தோடு காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்னா சொன்ன? சத்தமாச் சொல்லு" என்றார்.

பாவத்தைச் சொல்வது கஷ்டம். அதையே இரண்டாம் தடவை கத்திச் சொல்வதற்கு ஈடான தண்டனை இல்லை. கத்தினேன். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்று பார்த்தார். "உருகிடுச்சி!" என்று நான் கத்திய இடத்தில் நாகராஜ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அண்ணன் என் உதட்டைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார். மடியில் இருந்த கிடாரை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு அவரே எழுந்து ஆம்ப்பை அணைத்தார். கிடாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். கிடாரை நெஞ்சுக்கு மேலே தூக்கி, தாடையை அதன் கட்டைமேல் அழுத்தி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தந்தியைத் தட்டினார். கண் அகல விரிந்தது. இன்னொன்று தட்டினார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார், முழுசாக, கண்ணை மூடிக்கொண்டு. எங்கள் காதுக்கு அது கொசு பாடுவதுபோல் கிணுகிணு என்றுதான் கேட்டது. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கி கிடாரின் கட்டைமேல் சொட்டியது. துடைக்கக் கை காலியில்லை. நாகராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை, வெட்கமில்லாமல் அழுதேன்.

முடித்துவிட்டு, வேலூரில் டாக்டர் ஒரு கவைக் கம்பியைத் தட்டிக் காதுகிட்ட வைத்தபோது கேட்கவில்லை என்றும், அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தபோது கணீரென்று கேட்டது என்றும், நான் கத்தும்போதுதான் அது ஞாபகம் வந்தது என்றும் சொன்னார். அப்படியானால் காயில், காந்தம், கரண்ட் மீட்டர் கம்பி, எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கட்டையும் தந்தியும் போதும். இரண்டும் அவர் கொண்டுவந்த அன்றே இருந்தன. இதை நினைத்து நான் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நிற்கும்போது, அவர் மறுபடியும் தாடையை வைத்து ஒரே ஒரு தந்தியை மட்டும் மூன்று தடவை தட்டி, புருவத்தைச் சுருக்கினார். நானும் குனிந்து கட்டையில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ஆமாம், இருந்தது. நாற்பது நாளில் என் நல்ல காது இரண்டுக்கும் அகப்படாத ஒரு சின்ன இரைச்சல். அவர் கிடாரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மூணாங்கம்பி ஏழாவது பிரெட்டாண்ட லேசா கொரகொரன்னுது தம்பி. சரி பண்ணி வை, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து கேக்கறேன். காயிலுக்குத் திட்டறதயும் அப்பவே சேத்துத் திட்டறேன்."

கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த அந்த ஏழாவது பட்டையை அன்றே தேய்த்து மூணாம் கம்பியைச் சரிசெய்துவிட்டேன். வாடிக்கையாளர் சீக்கிரம் திரும்பி வந்து தன்னைத் திட்ட வேண்டுமே என்று வேலூர் பஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்று பார்க்கிற மெக்கானிக் இந்தச் சித்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.